நகராட்சி இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் நகராட்சி இணையதளத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன், நிறம் மாற்றும் பட்டன் எல்லாம் வைத்துவிட்டோம். மாற்றுத்திறனாளிகளுக்கு இது போதுமா? போதாது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது, ஒப்பந்த நிறுவனத்திடம் என்ன கேட்பது?

பதில்:

போதாது. அந்தப் பட்டன்கள் இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பெரிய எழுத்து வேண்டுபவர் கன்ட்ரோல் விசையோடு பிளஸ்ஸை அழுத்தி எந்தத் தளத்தையும் பெரிதாக்கிக்கொள்வார். கறுப்புப் பின்னணி வேண்டுபவர் அதை விண்டோஸிலேயே வைத்திருப்பார். பார்வையற்றவர் உங்கள் தளத்துக்கு வரும்போதே அவருடைய திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பேசிக்கொண்டுதான் இருக்கும். "ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் போதும், தளம் தானாகத் தரத்துக்கு வந்துவிடும்" என்று விற்கிறார்களே, அந்தச் செருகு மென்பொருளையும் வாங்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

உண்மையான வேலை மூன்று இடங்களில் இருக்கிறது. பக்கத்தில் தெரியும் தமிழ் கணினிக்கும் தமிழாக இருக்கிறதா? படிவத்தை மவுஸ் தொடாமல் நிரப்ப முடிகிறதா? அன்றாடம் ஏற்றுகிற பி.டி.எஃப். கோப்புகளைப் படிக்க முடிகிறதா?

முதலில் சட்டம், சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 42-ஆம் பிரிவு மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அதைச் செய்து முடிக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆக, கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15-ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்றும் கட்டாய விதிகள் வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அதற்கடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

அளவுகோல் எது? மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு, டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக அணுகல்தன்மை நெறிகளின் 2.1 பதிப்பில் 'ஏ.ஏ.' நிலையை அடிப்படையாகக் கொண்டது. அந்த நிலைக்கு 50 விதிகள். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் 55. தளத்தைப் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் 2.2-ஐயே கேளுங்கள், கூடுதல் செலவு பெரிதாக வராது.

இனி வேலை. முகப்புப் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். மக்கள் எதற்காக வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்: சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு - இறப்புச் சான்று, தெருவிளக்கு, குப்பை பற்றிய புகார், கட்டட அனுமதி, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. ஒவ்வொன்றையும் முதல் கிளிக்கிலிருந்து ரசீது கைக்கு வரும்வரை நடந்து பார்க்க வேண்டும். கட்டணம் செலுத்தும் பகுதி பெரும்பாலும் மாநில அளவிலான தனி போர்ட்டலில் இருக்கும். அதை நீங்கள் திருத்த முடியாது. எந்தப் பக்கத்தில், எந்தப் பெட்டியில் என்ன தடை என்று எழுதி நகராட்சி நிர்வாக இயக்ககத்துக்கு அனுப்பலாம். அதுவரை நேரிலோ தொலைபேசியிலோ செலுத்த என்ன வழி என்பதை உங்கள் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி, எஸ்கேப் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரு புகாரைப் பதிவு செய்து பாருங்கள். கை நடுக்கம் உள்ளவர்களும், ஒரு கையால் இயக்குபவர்களும், பார்வையற்றவர்களும் இப்படித்தான் தளத்துக்குள் நகர்கிறார்கள். வழக்கமாக இடிக்கும் இடங்கள் உண்டு. எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு தெரியாது. 'அசிங்கமாக இருக்கிறது' என்று வடிவமைப்பாளர், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். நிரலில் அதை நீக்கியிருப்பார். 'சேவைகள்' மெனு மவுஸ் மேலே வந்தால் மட்டும் விரியும். 'சமர்ப்பி' என்பது நிஜப் பட்டனாக இல்லாமல், வண்ணம் பூசி கிளிக் கட்டளை ஒட்டிய வெறும் பெட்டியாக ('டிவ்') இருக்கும். டேப் அதைத் தாண்டிப் போய்விடும். அதை முறையான 'பட்டன்' உறுப்பாக மாற்றினால் விசைப்பலகை, திரைவாசிப்பான் இரண்டுக்கும் ஒரே திருத்தத்தில் வேலை முடிந்தது. பக்கத்தின் தொடக்கத்தில் 'முக்கியப் பகுதிக்குச் செல்க' என்ற இணைப்பும் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவின் எல்லா இணைப்புகளையும் கடந்த பிறகுதான் விஷயத்துக்கே வர முடியும்.

அடுத்து தமிழ். நம் ஊர்த் தளங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டுக் கையேடுகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். நிரலின் முதல் குறியில், பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' என்றொரு பண்பு உண்டு. தமிழ்ப் பக்கத்துக்கு அங்கே தமிழுக்கான குறியீடு இருக்க வேண்டும். ஆங்கில வார்ப்புருவைப் பிரதியெடுத்துத் தமிழ்ப் பக்கம் செய்யும்போது அது ஆங்கிலமாகவே நின்றுவிடும். திரைவாசிப்பானோ பக்கம் ஆங்கிலம் என்று நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். சில குரல்கள் தமிழைப் படிக்காமலேயே தாண்டிவிடும், சில எழுத்துக்கு எழுத்து எதையோ உளறும். ஒரே ஒரு சொல் திருத்தம், ஆனால் தளம் முழுக்கப் பலன் தரும். ஆங்கிலப் பக்கத்தின் மேலே 'தமிழ்' என்று ஒரு இணைப்பு இருக்குமே, அந்தச் சொல்லுக்கும் தனியாகத் தமிழ்க் குறியீடு கொடுங்கள். தமிழ் தேவைப்படுபவருக்கே அது கேட்காமல் போனால் என்ன பயன்?

பழைய எழுத்துருக்கள் இன்னும் பெரிய தொல்லை. பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்றுதான் படிக்கும். தேடினாலும் கிடைக்காது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. கூடவே அறிவிக்கப்பட்ட டேஸ்-16 யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் இருக்கும் குறியீடு; அச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் போடாதீர்கள், திரைவாசிப்பான்களுக்கு அது தெரியாது. பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

மாற்றியபின் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சரிபாருங்கள். 'ஔ'கார எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். 'பௌர்ணமி' என்று தெரிவது உள்ளே 'பெளர்ணமி'யாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, காதுக்கு 'பெ-ள-ர்ணமி' என்று கேட்கும். கௌரி, சௌந்தர் போன்ற பெயர்கள் வாக்காளர் பட்டியலிலும் பயனாளிகள் பட்டியலிலும் தேடும்போது அகப்படாமல் போவதற்கும் இது ஒரு காரணம். 'கெள', 'செள', 'பெள', 'மெள' என்று தேடிப் பார்த்துக் கையால் திருத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றினால் 'கெளுத்தி'யும் மாட்டிக்கொள்ளும்.

பார்வை குறைந்தவர்களுக்கும் தமிழ் தனிக் கவனம் கேட்கிறது. மேலே புள்ளி, கீழே உகரச் சுழி என்று தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட உயரம் அதிகம் வேண்டும். வரி உயரத்தை 1 என்றோ பெட்டி உயரத்தைப் பிக்சல் கணக்கிலோ இறுக்கி வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி வெட்டுப்பட்டு 'க்' என்பது 'க' ஆகிவிடும். வரி உயரம் குறைந்தது 1.5, பக்கத்தின் சாதாரண எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: 1280 பிக்சல் அகலத் திரையில் அது 320 பிக்சல் கைபேசித் திரைக்குச் சமம். 'மாற்றுத்திறனாளிகளுக்கான' போன்ற நீளச் சொற்கள் பெட்டியை விட்டு வெளியே நீண்டு, பக்கத்தையே பக்கவாட்டில் இழுக்க வைக்கும். சொல்லை மடக்க அனுமதிக்கும் ஒரு வரி சி.எஸ்.எஸ். இதைத் தீர்த்துவிடும்.

நிறத்தில் கணக்கு எளிது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கும், பெட்டிகளின் விளிம்புக்கும் 3-க்கு 1. வெள்ளையில் 777777 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் 4.48-தான் வரும், தேறாது, 767676 தேறும். எல்லோரும் ஆசையாகப் போடும் சுத்தச் சிவப்பு வெள்ளையில் 4-ஐத் தாண்டாது. அப்புறம் அந்த ஓடும் எழுத்து. தானாக ஐந்து விநாடிக்கு மேல் ஓடுகிற எதையும் நிறுத்த வசதி இருக்க வேண்டும் என்பது விதி. என் யோசனை, அதை எடுத்தே விடுங்கள். மெதுவாகப் படிப்பவர் வரியின் பாதியில் இருக்கும்போதே அது ஓடிப்போய்விடுகிறது. பக்கத்தில் மின்னுகிற 'புதியது' படமும் அப்படியே.

படிவங்களுக்கு வருவோம். ஒவ்வொரு பெட்டிக்கும் 'லேபிள்' உறுப்பு இருந்து, அது அந்தப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் 'வரிவிதிப்பு எண்' என்ற குறிப்பு தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும்; அதை லேபிளாகக் கணக்கில் எடுக்க முடியாது. பிழைச் செய்தி சிவப்பு விளிம்பாக மட்டும் வந்தால் நிறக்குருடு உள்ளவருக்குத் தெரியாது, திரைவாசிப்பானுக்கும் தெரியாது. 'கைபேசி எண் 10 இலக்கம் இருக்க வேண்டும்' என்று எழுத்தில், அந்தப் பெட்டியை ஒட்டியே வரட்டும். நிரப்பிய மற்ற விவரங்களை அழித்துவிடாதீர்கள்.

மண்டலம், வார்டு, தெரு என்று ஒன்றையடுத்து ஒன்றாக விரியும் பட்டியல்களில் நடப்பதைப் பாருங்கள். மண்டலப் பட்டியலில் கீழ் அம்பை ஒருமுறை அழுத்தியதுமே முதல் மண்டலம் தேர்வாகி, பக்கம் மறுபடி ஏறி, நாம் நிற்கும் இடம் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடும். மூன்றாவது மண்டலத்தில் இருப்பவர் அங்கே போய்ச் சேரப் பெரும்பாடு பட வேண்டும். தேர்வு மாறியவுடன் பக்கத்தை ஏற்றாமல், பட்டியலை விட்டு வெளியே வந்தபின் அடுத்த பட்டியலை மட்டும் நிரப்ப வேண்டும். அல்லது 'தெருக்களைக் காட்டு' என்று ஒரு பட்டன் வைக்க வேண்டும்.

பிறப்புச் சான்றுப் படிவத்தின் தேதிப் பெட்டி இன்னொன்று. தட்டச்சு செய்ய விடாமல் பூட்டி, நாட்காட்டியை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். மாத அம்பு மட்டுமே உள்ள நாட்காட்டியில் 40 ஆண்டு பின்னால் போக 480 முறை அழுத்த வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய பெட்டிகள் போதும்.

வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்துகிறது. ஒலி வடிவம் சேர்த்தால் பாதிதான் தீரும். பார்வையும் செவியும் குறைந்தவருக்கு அதுவும் இல்லை. கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்பும் படிவத்தில் கேப்ட்சா பெரும்பாலும் தேவையே இல்லை. ஒரே எண்ணிலிருந்தும் ஐ.பி. முகவரியிலிருந்தும் வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைப்பது, மனிதக் கண்ணுக்குத் தெரியாத, தானியங்கி நிரல்கள் மட்டும் நிரப்பிச் சிக்கும் பொறிப் பெட்டி ஒன்றைப் படிவத்தில் வைப்பது போன்றவை சர்வரிலேயே முடியும். நேரம் முடிந்து வெளியே தள்ளுவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி அவகாசம் கொடுங்கள். குறைந்தது பத்து முறை நீட்டிக்க முடிய வேண்டும்.

பி.டி.எஃப்.தான் மலை. மன்றத் தீர்மானம், வார்டு வரையறை, வரி உயர்வு அறிவிப்பு எல்லாம் கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றப்படுகின்றன. முதலில் எழுத்தாக இருந்தது கடைசியில் படமாகிவிடுகிறது. இதற்கு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் மருந்து என்று நினைக்காதீர்கள். கையில் இருக்கும் மூலக் கோப்பை விட்டுவிட்டுப் படத்திலிருந்து எழுத்தை மீட்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. கதவு எண், தொகை, பெயர் ஆகியவற்றில்தான் பிழை விழும், அவற்றில்தான் பிழை விழக் கூடாது. அறிவிப்பின் வாசகத்தைச் சாதாரண இணையப் பக்கமாகப் போடுங்கள். கையெழுத்திட்ட ஸ்கேன் பிரதியை அதன் கீழே இணைப்பாக வையுங்கள்.

பி.டி.எஃப்.தான் வேண்டும் என்றால் வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல் கொடுத்து, 'சேவ் ஆஸ்' வழியாக பி.டி.எஃப். எடுங்கள், அங்கே ஆப்ஷன்ஸில் ஆவண அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். 'பிரின்ட்' கொடுத்து எடுத்தால் அந்தக் குறிகள் போய்விடும். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் ஸ்கேன் படலமே தேவையில்லை. ஆனால் திருத்தம், குறி சேர்ப்பு எல்லாம் முடிந்தபின் கையொப்பம் இடுங்கள். பிறகு கோப்பைத் தொட்டால் கையொப்பம் செல்லாது என்று காட்டும். கடைசியாக, கோப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடில் அடித்திருந்தாலும் பி.டி.எஃப்.-ல் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுவதுண்டு; 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று உடைந்து விழுந்தால் திரைவாசிப்பானும் அப்படியேதான் படிக்கும். அப்போது இணையப் பக்கமே வழி.

பல ஆண்டுக் கோப்புகளை என்ன செய்வது என்று மலைக்க வேண்டாம். இப்போது நடைமுறையில் உள்ள கட்டண விகிதங்கள், விண்ணப்பங்கள், விதிகள் முதலில். அதற்குமுன் வந்தவை, கேட்பவருக்கு ஏழு வேலை நாளில் படிக்கத்தக்க வடிவில் தரப்படும் என்று எழுதி வையுங்கள், எழுதியபடி கொடுங்கள்.

மற்றவை சிறிய வேலைகள். படங்களுக்கு 'ஆல்ட்' விளக்கம் (திரைவாசிப்பான் படத்துக்குப் பதில் படிக்கும் வரி) எழுதுங்கள். அழகுக்காக வைத்த படத்துக்கு அதை வெறுமையாக விடுங்கள், நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் கோப்பின் பெயரைப் படித்துத் தொலைக்கும். முகாம் அறிவிப்பை வடிவமைத்த போஸ்டராக மட்டும் போடாமல் தேதி, இடம், நேரத்தை எழுத்திலும் கொடுங்கள். கூகுள் வரைபடத்தோடு முகவரியையும், அலுவலகம் எந்த மாடி, சாய்தளம் எந்த வாசலில் என்பதையும் எழுதுங்கள். புகாருக்குத் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் காது கேளாதவர் எப்படிப் புகார் சொல்வார்? குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ கூட இருக்கட்டும். காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் வேண்டும். தானியங்கி வரிகளைத் திருத்தாமல் வெளியிட வேண்டாம்.

தளத்தைத் தானாகச் சோதிக்கும் ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் ஆகிய கருவிகள் மூன்றும் இலவசம். லைட்ஹவுஸ் 100 காட்டுவதால் தளம் தேறிவிட்டது என்று ஒப்பந்த நிறுவனம் சொன்னால் நம்பாதீர்கள். 'ஆல்ட்' இருக்கிறதா என்று அது பார்க்கும். அதில் 'படம் 1' என்று எழுதியிருப்பது அதற்குப் புரியாது. என்.வி.டி.ஏ. இலவசத் திரைவாசிப்பான், தமிழ்க் குரலும் கூடவே வரும். 'எச்' விசை தலைப்புகளுக்கும் 'எஃப்' படிவப் பெட்டிகளுக்கும் 'டி' (T) அட்டவணைகளுக்கும் தாவும். திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் ஒரு படிவத்தை முடித்துப் பாருங்கள். கைபேசியில், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கோடும் அதையே செய்யுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் வருவார்கள். பிறகு, இக்கருவிகளை அன்றாடம் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளிகள் நான்கைந்து பேரை, வெவ்வேறு குறைபாடு உள்ளவர்களாக, அழைத்துச் சம்பளம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2025-ல் நிறைவேறியிருக்கிறது. அந்த உறுப்பினரிடம் சோதனை அறிக்கை போகட்டும். ஆனால் சோதிக்கும் வேலையை அவர் தலையில் இலவசமாகக் கட்டாதீர்கள்.

ஒப்பந்தத்தில் 'அணுகல்தன்மை உள்ள தளம்' என்று பொதுவாக எழுதினால் மறுபடி அந்தப் பட்டன்கள்தான் வரும். டபிள்யூ.சி.ஏ.ஜி. பதிப்பு எண்ணையும் 'ஏ.ஏ.' நிலையையும் இந்தியத் தரமான ஐ.எஸ். 17802-ஐயும் பெயர் சொல்லி எழுதுங்கள். மேலே எழுதிய ஐந்தாறு பணிகளையும் விசைப்பலகையால் மட்டும், என்.வி.டி.ஏ.-வால் தமிழில், டாக்பேக்கால் தமிழில் முடிக்க முடிந்தால்தான் கடைசித் தவணை என்று போடுங்கள். பராமரிப்புக் காலத்தில் வரும் தடைகளை எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அரசுத் தளங்களுக்குத் தரும் எஸ்.3.வாஸ் போன்ற தயார் வார்ப்புருவை எடுத்தால் சட்டகத்தின் பெரும்பகுதி சரியாகவே கிடைக்கும். உள்ளே நீங்கள் ஏற்றும் ஸ்கேனுக்கும் போஸ்டருக்கும் அது பொறுப்பாகாது. அதனால் அறிவிப்பு ஏற்றும் உதவியாளருக்கும் கணினி இயக்குபவருக்கும் அரை நாள் பயிற்சி கொடுங்கள்: யூனிகோடில் அடிப்பது, தலைப்பு ஸ்டைல், 'ஆல்ட்', நோட்பேட் சோதனை. இந்த நான்குக்கு அரை நாள் தாராளம்.